பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

(சேலம், நாமக்கல் வட்டார ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். கூலி, போனஸ், நூல் விலை, மரவள்ளிக்கிழங்கு விலை என்று எவ்வளவோ இருக்க, பிராந்திப் பாட்டில் விலையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள். மைக் கட்டும்போதே ஒரு தாய் வந்து, "ஏனுங்க, குடியை நிறுத்தச் சொல்ல வந்தீங்களா, பாட்டில் விலையைக் குறைக்கச் சொல்ல வந்தீங்களா?" என்று நேராகவே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டோம். ஆனால் முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும்.

பாட்டிலின் மேல் விலை அச்சடித்திருக்கிறது. அதிகபட்ச சில்லறை விலை, சகல வரிகளும் உட்பட என்று எழுதியிருக்கிறது. கடையில் கேட்பது அதற்கு மேல் பத்து ரூபாய். பீருக்கும் அப்படித்தான்; சில இடங்களில் இருபது. இந்தப் பத்து எந்த ஆணையிலும் இல்லை, எந்த ரசீதிலும் இல்லை. ஆனாலும் ஆத்தூரிலிருந்து பரமத்தி வேலூர் வரையில் இதைத் தெரியாத ஆள் கிடையாது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களைப் பாருங்கள். முட்டைக்கு ஐந்து பைசா ஏறினாலும் இறங்கினாலும் முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. மறுநாள் பத்திரிகையில் வருகிறது. டீக்கடையில் விவாதம் நடக்கிறது. ஐந்து பைசாவுக்கு அவ்வளவு! பாட்டிலுக்கு ஏறிய பத்து ரூபாயை அறிவித்தவர் யார்? எந்தக் குழு கூடி முடிவு செய்தது?

பத்து ரூபாய் என்றால் எவ்வளவு என்று நம்முடைய அளவுகோலில் அளந்து பார்ப்போம். 2025-26-ம் வருஷத்துக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அளந்து பார்த்து, வெட்டிய மண் போதாது என்று குறைத்துக் கொடுத்த இடங்கள் உண்டு, அதை விட்டுவிடுவோம். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். ஆக, பத்து ரூபாய் என்பது வெயிலில் குனிந்து நிமிர்ந்து கால் மணி நேரம் மண்வெட்டி பிடித்த உழைப்பு. தினம் ஒரு குவார்ட்டர் வாங்குகிறவன், கடை மூடியிருக்கும் எட்டு நாளைக் கழித்துக்கொண்டாலும், வருஷத்தில் 3,570 ரூபாய் இப்படிக் கொடுக்கிறான். 336-ல் வகுத்துப் பாருங்கள். பத்தரை நாள் கூலிக்கு மேல்! பாட்டிலின் விலை அல்ல, தோழர்களே. விலைக்கு மேலே, பெயரில்லாமல், ரசீதில்லாமல் போகிற பணம் மட்டும் இது.

சட்டம் என்ன சொல்கிறது? 1990 முதல் பொட்டலப் பொருள்களின்மேல் வரிகள் உட்பட்ட உச்ச விலை அச்சிடப்படுகிறது. 2009-ம் வருஷத்திய சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ல் அமலுக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளும் அந்த விலைக்கு மேல் எந்த வியாபாரியும் விற்கக் கூடாது என்கின்றன. பிஸ்கட்டுக்கும் அதுதான், பிராந்திக்கும் அதுதான். இதில் ஒரு விலக்கு உண்டு. 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ஓட்டல்களும் உணவு விடுதிகளும் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நாற்காலி, மேஜை, மின்விசிறி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்த விலை அது என்பது நியாயம். சரி. நம்முடைய கடையில் என்ன உபசாரம்? இரும்புக் கம்பி வலை, அதில் ஒரு கை நுழையும் ஓட்டை, முழங்கால் வரை சகதி. இந்த உபசாரத்துக்கா பத்து ரூபாய்?

வேறு சிலர் வேறு நியாயம் சொல்வார்கள். கிராக்கி இருக்கிற பொருளுக்கு விலை ஏறத்தான் செய்யும், அது மார்க்கெட்டின் விதி என்பார்கள். கிராக்கி என்ன என்பதை நாம் அறியாதவர்களா? பெரிய நடிகரின் படம் வெளியாகும் அன்று தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்பதைப் பார்த்திருக்கிறோம். யூரியா மூட்டை 45 கிலோவுக்கு 266 ரூபாய் 50 காசு என்று சர்க்கார் விலை. நெல்லுக்கு மேலுரம் போடும் வாரத்தில் மூட்டை மறைந்துவிடும். பிறகு கூடுதல் விலையோடு வெளியே வரும், அல்லது நமக்கு வேண்டாத ஒரு மருந்து டப்பாவையும் தலையில் கட்டிக்கொண்டு வரும். தட்டுப்பாடு இருந்தால் விலை ஏறும் என்பார்கள். விலை ஏற வேண்டும் என்றால் தட்டுப்பாட்டை உண்டாக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கதை ஒன்று சொல்கிறோம். பெல்ஜியம் நாட்டில் வெஸ்ட்விளெட்டரன் என்ற கிராமம். அங்கே செயின்ட் சிக்ஸ்டஸ் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடம். துறவிகள் பீர் காய்ச்சுகிறார்கள். மடத்தின் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். எவ்வளவு கிராக்கி வந்தாலும் கூட்டுவதில்லை. 2005-ல் பீர் பிரியர்கள் இதை உலகத்திலேயே சிறந்த பீர் என்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிறகு மடத்து வாசலில் கார்கள் மைல் கணக்கில் நின்றன. துறவிகள் என்ன செய்தார்கள்? விலையை ஏற்றினார்களா? இல்லை. ஆளுக்கு இத்தனை பெட்டி என்று கட்டுப்படுத்தினார்கள். காரின் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். வாங்கியதை மறுபடி விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். 2018-ல் நெதர்லாந்தில் ஒரு பெரிய மளிகைக் கடை நிறுவனம் அந்த பீர் 7,200 பாட்டிலை எப்படியோ சேர்த்து, ஒரு பாட்டில் ஏறக்குறையப் பத்து யூரோ என்று விற்றது. மடத்து விலை இரண்டு யூரோவுக்குள். ஐந்து மடங்கு! துறவிகள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு மடம் ஒரு புது ஏற்பாடு செய்தது: யார் ரொம்ப நாளாக வாங்காமல் காத்திருக்கிறாரோ அவருக்கு முதல் இடம்.

அமெரிக்காவில் இன்னும் விசேஷம். அங்கே பாட்டிலுக்குக் கம்பெனி சொல்லும் விலை வெறும் யோசனைதான், சட்டம் அல்ல. ஒரு சின்னத் தொழிற்சாலை நூறு பெட்டி விசேஷ பீர் விட்டால், சில கடைக்காரர்கள் அதைப் பின்னறையில் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொல்வார்கள். வாங்குகிறவன் அதை ஒரு பெருமையாக நினைத்து வாங்குவான். வாங்காவிட்டால் அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பக்கத்துக் கடையில் வேறு நூறு தினுசு இருக்கிறது. நம்மவனுக்கு அப்படி ஒரு பக்கத்துக் கடை இருக்கிறதா? அவன் வாங்குவது பெருமைக்கா? உடம்பு வலிக்கு, பழக்கத்துக்கு, அடிமைத்தனத்துக்கு. அமெரிக்காவில் அரிய பொருளுக்கு வைக்கும் விலையை இங்கே மலிவான குவார்ட்டருக்கு வைக்கிறார்கள். அது எப்படி முடிகிறது?

ஒரே முதலாளி, ஒரே கதவு, அதனால் முடிகிறது. பம்பு செட்டு வாங்கப் போனால் பத்துக் கம்பெனி இருக்கிறது. பாட்டிலுக்கு டாஸ்மாக் ஒன்றுதான். எந்தக் கம்பெனிச் சரக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுதான். கேட்கிற சரக்கு வராது, கேட்காத சரக்கு அடுக்கியிருக்கும் என்று குடிக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் குளிர்ந்த பீருக்குத் தனி விலை. 'கூலிங்' என்று பெயர். 2016 முதல் கடை நேரம் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் நூற்பாலைக் கதவுக்கு வெளியே வருகிறவன் கடைக்குப் போக முடியாது. அவனுக்காகவே சந்துக்கடை இருக்கிறது. சந்துக்கடை என்றால் நம்முடைய ஜில்லாக்களில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நேற்று இரவு சர்க்கார் கடையில் பெட்டியாக வாங்கியது இன்று காலை சந்தில் ஒன்றரை மடங்கு விலை.

மூடும் நாட்கள் எட்டு. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜயந்தி, மீலாது நபி, பிறகு மே தினம். மே தினம் யாருடைய நாள்? நம்முடைய நாள்! சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காகத் தூக்குமேடை ஏறியவர்களின் நாள். அன்று கடையை மூடுவது நல்லதே. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மே தின ஊர்வலத்தில் கொடி பிடித்து வந்த ஒரு தோழர், ஊர்வலம் முடிந்ததும் சந்துப் பக்கம் திரும்பி, தினம் கொடுப்பதைப்போல் இரண்டு பங்கு கொடுத்து வாங்கியதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவரைத் திட்டினோம். திட்டியிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது. அன்றைக்கு அதிக லாபம் பார்த்தவனை நாம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

இந்த மண்ணுக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. சின்ன வயதுக்காரர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறோம். இந்த ராஜ்யத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி. அப்போது நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது சேலம் ஜில்லா. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர். அவருடைய அரசியலோடு நமக்கு ஒத்துவராதது ஏராளம். அதற்காக நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் வைத்து, குடி ஒரு ஏழைக் குடும்பத்தை என்ன செய்கிறது என்று கிராமம் கிராமமாகப் பார்த்தவர் அவர். 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்தது. கல்கி அதில் வேலை பார்த்தார்.

கள்ளுக்கடை, சாராயக் கடைகளை மூடியதும் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. இதைக் கவனியுங்கள், தோழர்களே. உப்பு, புளி, துணி, செருப்பு என்று நாம் வாங்குகிறவற்றின் தலையில் ஏறிய அந்த விற்பனை வரி, குடியை நிறுத்தியதற்கு ஈடாக வந்த வரி! 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 ஆகஸ்டில் அது தளர்த்தப்பட்டது. பிறகு கடை திறப்பதும் மூடுவதுமாகப் பல வருஷம். 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் ஏலக்காரர்களிடமிருந்து வாங்கி டாஸ்மாக்கே நடத்தியது. இப்படியாகக் குடி திரும்பி வந்துவிட்டது. அதற்கு ஈடாக வந்த வரி போயிற்றா? போகவில்லை. பெயர் மாறி, மதிப்புக்கூட்டு வரியாகப் பாட்டிலின்மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2003-04-ல் மதுவால் வந்த வருமானம் சுமார் 3,600 கோடி. 2024-25-ல் 48,000 கோடிக்கு மேல். அதில் முக்கால் பங்கு இந்த வரிதான்.

இந்த 48,000 கோடியில் நாம் பேசும் பத்து ரூபாய் சேர்ந்திருக்கிறதா என்றால், இல்லை. அது கணக்குப் புத்தகத்துக்கு வெளியே ஓடுகிற வாய்க்கால். ஒரு கடையில் நாளைக்கு ஆயிரம் பாட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடைக்கு, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய். 2025-ல் ஏறக்குறைய 4,800 கடைகள் இருந்தன. மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள்.

யாருக்குப் போகிறது இது? கம்பி வலைக்குப் பின்னால் நிற்கிற விற்பனையாளன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அவர்களும் தொழிலாளர்களே. 2003-ல் வேலைக்கு எடுத்தபோதும் தொகுப்பூதியம், இருபது வருஷம் கழித்தும் தொகுப்பூதியம். காலமுறை ஊதியம் கேட்டு எத்தனையோ போராட்டம் நடத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் சட்டசபையில் 23,629 பேருக்கு மாதம் 2,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது, நிரந்தரம் அறிவிக்கப்படவில்லை. இரவு பத்து மணிக்கு வசூல் பணத்தோடு தனியாக வீட்டுக்குப் போகிற வழியில் வெட்டுப்பட்டவர்கள் அவர்களில் உண்டு.

சி.ஐ.டி.யு. உள்ளிட்ட அவர்களுடைய சங்கங்கள் வெகு காலமாகச் சொல்லி வருவது என்ன? பெட்டி இறக்கும் கூலி, உடைந்த பாட்டில், கரண்ட் பில்லில் மிச்சம், கடை வாடகையில் துண்டு விழுவது, எல்லாவற்றையும் கடை ஊழியர் தலையிலேயே கட்டுகிறார்கள். அதற்கு மேல் வந்து போகிற அதிகாரிகளுக்கு மாமூல். இதையெல்லாம் எங்கிருந்து கொடுப்பது? பாட்டிலிலிருந்துதான். பத்து ரூபாயை முதலில் தொடுகிற கை விற்பனையாளனுடைய கை. அதனால் பிடிபடுகிறதும் அவன்தான். பறக்கும் படை வந்தால் சஸ்பெண்ட் ஆவது அவன், அபராதம் கட்டுவது அவன். மேலே போன பங்கு மேலேயே இருந்துவிடும். அவர்களில் பேராசைக்காரர் யாருமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. இருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான கடைகளில் ஒரே தொகையாக, ஒரே மாதிரியாக வசூலாகிற பணத்தைத் தனிமனிதனின் திருட்டு என்று சொன்னால் யார் நம்புவது? ஒரே மாதிரி வசூலாகிற பணத்துக்கு வசூல் ஏற்பாடு ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

2025 மார்ச்சில் மத்திய சர்க்காரின் அமலாக்கத் துறை டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் சோதனை போட்டு, கடைகளில் பாட்டிலுக்கு 10 முதல் 30 ரூபாய் வரை அதிகம் வாங்கியதற்கும், டெண்டர், போக்குவரத்து ஆகியவற்றில் ஆயிரம் கோடிக்கு மேல் முறைகேட்டுக்கும் தடயம் இருக்கிறது என்று அறிக்கை விட்டது. மாநில சர்க்கார் மறுத்தது, கோர்ட்டுக்குப் போனது. மே 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட், அமலாக்கத் துறை எல்லை மீறுகிறது என்று கண்டித்து விசாரணைக்குத் தடை போட்டது. டில்லிக்கும் சென்னைக்கும் நடந்த அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இந்த மேடையில் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தோம். ஆயிரம் கோடி என்று பேசியவர்களும் சரி, மறுத்தவர்களும் சரி, அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்தவனுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இயந்திர ரசீது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். இரயில்டெல் நிறுவனத்துக்கு 294 கோடி ரூபாய் ஒப்பந்தம் கொடுத்து, பாட்டிலை ஸ்கேன் செய்து பில் போடும் ஏற்பாடு படிப்படியாக வந்தது. நல்ல காரியம். ஆனால் பில் அச்சிட்ட விலைக்கு, பணம் பத்து ரூபாய் கூட என்று அங்கேயும் புகார் வந்தது. இயந்திரம் என்ன செய்யும்? மாமூலைக் கேட்கிறவர் கையில் ஸ்கேன் போட முடியுமா?

இதிலே இன்னொரு பத்து ரூபாய் வந்து குழப்புகிறது. காலிப் பாட்டிலைக் காட்டிலும் வயலிலும் வீசுவதால் யானைக் காலிலும் ஆட்டுக் காலிலும் குத்துகிறது என்று, ஹைகோர்ட் சொன்னதன் பேரில் 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுப்பது. பிறகு வேறு ஜில்லாக்களுக்கும் போயிற்று. களை எடுக்கப் போகும் பெண்களைக் கேளுங்கள், வரப்பில் கிடக்கும் கண்ணாடித் துண்டு எத்தனை பாதத்தைக் கிழித்திருக்கிறது என்று. திட்டம் தேவையானதுதான். ஆனால் காலிப் பாட்டிலை அடுக்க இடமும் இல்லை, எண்ணி வாங்க ஆளும் இல்லை என்று ஊழியர்கள் முறையிட்டார்கள். குடிக்கிறவர்களுக்கு நாம் சொல்வது: இந்தப் பத்து வேறு, அந்தப் பத்து வேறு. இது பாட்டிலைக் கொடுத்தால் திரும்பி வரும், அது வராது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப விடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு ரூபாய் சில்லறை கொடுக்காவிட்டால் சண்டை போடுகிறோம். ரேஷனில் அரைக் கிலோ குறைந்தால் தாசில்தாரிடம் போகிறோம். தறிப்பட்டறையில் மீட்டருக்குச் சில காசு குறைத்தால் பள்ளிப்பாளையமும் குமாரபாளையமும் கொதிக்கின்றன. அதே ஆள் கம்பி வலைக்கு முன்னால் ஏன் வாயைத் திறப்பதில்லை? வெட்கம், தோழர்களே. குடிக்க வந்தவன் என்ற வெட்கம். யாராவது பார்ப்பதற்குள் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்ற அவசரம். சத்தம் போட்டால், "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று ஊர் சிரிக்கும். அந்தப் பழமொழிதான் இவர்களுடைய மூலதனம்! வெட்கப்படுகிறவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கண்டுபிடித்தவன் பெரிய பொருளாதார நிபுணன்.

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம்.

அம்மா, குடி நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. இடங்கணசாலைப் பக்கத்துக் காந்தியவாதி சசிபெருமாள், இந்த ஜில்லாக்காரர், 2015 ஜூலை 31-ந் தேதி குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்று உயிரை விட்டார். அவருக்கு நாம் தலை வணங்குகிறோம். கடைகளைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறோம். 2016-ல் 500, 2017-ல் 500, 2023-ல் 500 என்று மூடினார்கள். விற்பனை வருமானம் மட்டும் மொத்தத்தில் ஏறித்தான் போயிற்று. இன்னும் மூடட்டும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டதால் உங்கள் வீட்டுக்காரர் ஒரு நாளாவது குடிக்காமல் திரும்பி வந்திருக்கிறாரா? குவார்ட்டரின் அளவு குறைந்ததா? அந்தப் பத்து அவருடைய குடியிலிருந்து போகவில்லை. உங்கள் அடுப்பிலிருந்து போகிறது. ஒரு பாக்கெட் பால், இரண்டு முட்டை சமாசாரம் அது. நாமக்கல்லில் இருந்துகொண்டு பிள்ளைக்கு முட்டை வாங்க முடியவில்லை என்று சொல்கிற வீடு நமக்குத் தெரியும்.

விலை ஏறினால் குடி குறையும் என்று படித்தவர்கள் எழுதுவார்கள். வசதியுள்ளவன் வீட்டில் குறையலாம். இல்லாதவன் என்ன செய்கிறான் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் பார்த்தோம். கூலி வேலைக்காரர்கள், கடைச் சரக்கின் விலை கட்டாமல் மலிவாகக் கிடைத்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தார்கள். அதில் மெத்தனால். அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்சுகள் வரிசையாக வந்தன. சாலையின் இந்தக் கோடியில் கூடுதல் விலை, அந்தக் கோடியில் விஷச் சாராயம். 2024 பிப்ரவரியில் சர்க்காரே குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றியிருந்தது. அதற்கு மேல் இந்தப் பெயரில்லாத பத்து. ஏற்றுகிறவர்கள் அந்தப் பாக்கெட்டை நினைத்துக்கொண்டு ஏற்றட்டும்.

என்ன செய்வது? தனி ஆளாகக் கம்பி வலைக்கு முன்னால் நின்று சண்டை போடச் சொல்லவில்லை. அங்கே நிற்கிறவனும் நம்மைப் போல் ஒருவன், அவனை அடித்துப் பயனில்லை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல் நடத்துவது தொழிலாளர் துறை. குறைந்தபட்சக் கூலி தரவில்லை என்றால் நாம் மனுக் கொடுக்கப் போகிற அதே துறை! முத்திரை ஆய்வாளர் என்று அங்கே ஒருவர் இருக்கிறார். தராசுக் கல்லில் முத்திரை குத்துகிறவர். அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் வழக்குப் போட அவருக்கு அதிகாரம் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இது வரையில் ஆலைக் கூலிக்கு அந்தப் படியேறியிருக்கிறோம். இதற்கும் ஏறுவோம், கடை ஊழியர் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு. இறக்குகூலி, கரண்ட், வாடகை, உடைசல் இவற்றை நிர்வாகமே கொடுக்க வேண்டும், ஊழியரை நிரந்தரமாக்க வேண்டும், பில் இல்லாமல் பாட்டில் விற்கக் கூடாது. மூன்றையும் ஒரே மனுவில் எழுதுவோம். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது.

அதற்குக் கணக்கு வேண்டும். வாய்ப்பேச்சு எடுபடாது. ஒவ்வொரு மில் கிளையும், ஒவ்வொரு கிராமக் கிளையும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடட்டும். தேதி, மணி, பாட்டிலில் அச்சிட்ட விலை, கொடுத்த விலை, பில் கொடுத்தார்களா இல்லையா. ஐந்து கட்டம் போதும். குடித்தவர் பெயர் வேண்டாம். வெட்கம் அவருக்கு இருக்கட்டும், எண் நமக்கு வந்தால் போதும். எழுதுவதற்குக் குடிக்காத ஒருவரைப் போடுங்கள். அந்த நோட்டைத் தாய்மார்களிடமே கொடுத்துவிடலாம் என்பது எங்கள் யோசனை. கேள்வி கேட்ட அந்தத் தாய் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கு எழுதத் தெரியுமாம், எட்டாவது படித்திருக்கிறாராம். முதல் நோட்டை அவர் கையில் கொடுக்கிறோம்.